துஷ்டிக்கு ஆள் போக வேண்டுமா, குழுவில் இரங்கல் போட்டால் போதுமா?

களக்காட்டு வாசகி, 3 ஆகஸ்ட் 2025

சென்ற மாதம் என் பெரியப்பா தவறிவிட்டார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் போட்ட சில நிமிடங்களிலேயே கைகூப்பும் பொம்மைகள் திரையை நிறைத்துவிட்டன. ஆனால் பதினாறாம் நாள் வரைக்கும் துஷ்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வாசலேறி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கைபேசி நம் பக்கத்து உறவுமுறையைக் கொன்றுவிட்டது என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பொருநைக்கரை, 4 ஆகஸ்ட் 2025, காலை

கொன்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். உறவு இருக்கிறது, அந்த உறவுக்குள் யார் யாருக்கு எதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்ற முறைதான் கலைந்து கிடக்கிறது. அந்த முறை எப்படி நடந்தது என்பதை வாசலில் நின்று பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் பத்தமடைக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. தபால்காரனாக வேலையில் சேர்ந்து, அஞ்சலகப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன்.

அந்தக் காலத்தில் தபாலைக் கையில் எடுத்ததுமே சேதி தெரிந்துவிடும். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல காரியம். கறுப்பு மை தடவிய கார்டு என்றால் கருமாதி. கறுப்பு மூலைக் கார்டை மற்றத் தபால்களோடு சேர்த்து நாங்கள் நீட்டுவதில்லை. வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து, அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை சற்று நின்று, அதன்பிறகே அடுத்த வீட்டுக்கு நகர்வோம். வாசித்ததும் கார்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. தந்தி இன்னும் கடுமையானது. 2013 ஜூலை 15 முதல் தந்திச் சேவையே நின்றுபோயிற்று. அதற்கு முன்பு, தந்தி என்ற சொல் காதில் விழுந்ததும், பிரித்துக்கூடப் பார்க்காமல் அழத் தொடங்கிய வீடுகள் உண்டு.

பக்கத்து ஊர்களுக்கு ஆள் விட்டுத்தான் சொல்வார்கள். அதற்கும் ஒரு வரிசை உண்டு. இறந்தவர் பெண் என்றால் அவருடைய பிறந்த வீட்டுக்கு முதலில் ஆள் போக வேண்டும். பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்து சேராமல் உடலை எடுக்கமாட்டார்கள். சொல்லப் போகிறவர், இன்னார் அனுப்பினார் என்பதையும் எடுக்கும் நேரத்தையும் தவறாமல் சொல்லிவிட்டு வருவார். ஒரு மனிதர் வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு வராமல் இருப்பது, வந்தவரையும் அனுப்பியவரையும் சேர்த்து அவமதிப்பதாகும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது.

குழுவில் போடுகிறபோது தாய்மாமனுக்கும், எப்போதோ சென்னையில் உடன் வேலை பார்த்தவருக்கும் ஒரே நொடியில் ஒரே படம் போகிறது. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு துஷ்டி வீட்டில், இறந்துபோன அம்மாளின் அண்ணன் மகன் வாசலைத் தாண்டாமல் நின்று, “எனக்கு யாரு சொன்னா? வாட்ஸ்அப்புலதான பாத்தேன்” என்று கேட்டார். மற்றவர்களுக்கு முன்பாகவே அவருக்குச் செய்தி கிடைத்திருந்தது. சொல்ல வேண்டியவர் வாய்திறந்து சொல்லவில்லையே என்பதுதான் அவருடைய மனத்தாங்கல். உங்கள் வீட்டுக்கு வராதவர்களில் எத்தனை பேரிடம் யாராவது பேசிச் சொன்னீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். குற்றம் சுமத்துவதற்காகக் கேட்கவில்லை.

பொருநைக்கரை, 4 ஆகஸ்ட் 2025, மாலை

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கைபேசியில் எல்லாச் செய்திக்கும் ஒரே ஒலிதான். இரங்கல் படத்துக்கு மேலே ஒரு நகைச்சுவைக் காட்சியும், கீழே மனை விற்பனை விளம்பரமும் இருக்கின்றன. எங்கள் குழுவில் இரங்கல் செய்தியின் கீழ் ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டுவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். பகல் முழுக்கப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற கட்டைவிரல் ஓர் இடத்தில் நின்று நிதானிப்பதற்கு அந்தத் திரையில் கறுப்பு மூலை போன்ற ஓர் அடையாளமும் கிடையாது.

களக்காட்டு வாசகி, 5 ஆகஸ்ட் 2025

பேசிச் சொன்னது நான்கைந்து வீடுகளுக்குத்தான். மற்றவர்கள் குழுவில் இருக்கிறார்களே என்று என் தம்பி விட்டுவிட்டான். அது சரி, முன்பெல்லாம் யாரும் ஆள் விட்டுச் சொல்லாதவர்கள்கூடக் கேள்விப்பட்டு வந்தார்களே, அது எங்கே போயிற்று?

பொருநைக்கரை, 6 ஆகஸ்ட் 2025

இந்தக் கேள்வியை நேற்றிலிருந்து மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்டு வருகிறவர் யாரிடமிருந்து கேள்விப்பட்டார்? டீக்கடையில், பஸ்ஸில், குளத்துக்கரையில், எதிரே வந்த ஒரு மனிதரிடமிருந்து. சொன்னவர் சொல்லிவிட்டுச் சும்மா போவதில்லை, “நான் நாளைக்குப் போறேன் அண்ணாச்சி, நீங்க எப்ப போறீய?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்தக் கேள்விக்கு வாயால் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொன்னபின் போயாக வேண்டும்.

குழுவில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்கு மாறாக, கைகூப்பும் பொம்மையைப் போட்டவுடன் ஒரு காரியத்தைச் செய்து முடித்த நிறைவு மனத்துக்கு வந்துவிடுகிறது. 2014 நவம்பரில், செய்தியைப் பார்த்துவிட்டதைக் காட்டும் நீலக்குறியை வாட்ஸ்அப் கொண்டுவந்தது. குழுவில் நாம் போட்டதை யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியல் எடுத்தே பார்க்கலாம். பார்த்துவிட்டும் ஒன்றும் போடாதவர் மீது குறை வரும் என்பதால் அத்தனை பேரும் உடனே போடுகிறார்கள். இப்படிப் போட்ட பலருக்கு உண்மையாகவே துக்கம் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். கால் நடக்க வேண்டிய துக்கத்தை விரல் இறக்கி வைத்துவிட்டது.

பொருநைக்கரை, 9 ஆகஸ்ட் 2025

மும்பை தாராவியிலிருந்து ஒரு நண்பர் தனியாக எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்துக்காரர்கள் மூன்று தலைமுறைக்கும் மேலாக அங்கே இருக்கிறார்கள். “ஊரில் இருப்பவர்கள் வாசலேறவில்லை என்று வருந்துகிறீர்கள், ரயில் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும் தொலைவில் இருப்பவன் என்ன செய்வான்?” என்பது அவர் கேள்வி.

அவருக்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இறந்தபோது அவருடைய இரண்டாம் மகன் சவுதியில் இருந்தான். விடுப்பு கிடைத்து, விமானம் பிடித்து வருவதற்குள் எடுத்தாக வேண்டிய நிலை. உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்ததிலிருந்து சுடுகாட்டு எல்லை வரைக்கும் அவனுடைய சித்தப்பா மகன் கைபேசியை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டே நடந்தான். கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தானே தவிர, கீழே இறக்கவில்லை. வாய்க்கரிசி போடும் நேரத்தில் திரைக்குள்ளிருந்து, “என் பேரச் சொல்லிப் போடுல” என்று ஒரு குரல் வந்தது. அவன் அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு பிடி போட்டான். பிறகுதான் தன் பங்கைப் போட்டான். சுற்றி நின்ற பெண்கள் அதுவரை அழுததைவிட அப்போதுதான் கூடுதலாக அழுதார்கள்.

தந்திக் காலத்தில் அந்த மகனுக்குக் கருமாதி முடிந்த பிறகு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே கைபேசியைப் பழித்து ஒரேயடியாக எழுத என்னால் முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மகன் அங்கே இருந்ததாக நாங்கள் எல்லோரும் எண்ணியதற்குக் காரணம், அவனுக்காக ஒருவன் இங்கே கையை மடக்காமல் பிடித்துக்கொண்டு நடந்ததுதான்.

பொருநைக்கரை, 10 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது பெண்களைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை என்பது உறைத்தது. இந்தப் பேச்சில் அவர்கள் பக்கம்தான் பெரியது.

தபால் வேலையில் என் மனத்தை மிகவும் கனக்கவைத்தது கடிதம் வாசித்துக் காட்டுவதும் எழுதிக் கொடுப்பதும்தான். கணவன் பம்பாயிலோ வளைகுடாவிலோ இருப்பான். எழுத்தறியாத பெண் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பக்கத்தில் மாமியார் இருப்பார், உள்ளே கொழுந்தனார் இருப்பார், எழுதுகிறவனும் அந்நிய ஆண். “எல்லாரும் சௌக்கியம்னு எழுதுங்க அண்ணாச்சி” என்பார்கள். எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பேன். சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “அவ்வளவுதான், ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க” என்று முடித்துவிடுவார்கள். சொல்லாமல் விழுங்கியவற்றை வைத்து இன்னொரு கடிதமே எழுதியிருக்கலாம்.

அப்படி என்னிடம் கடிதம் எழுதி வாங்கியவர்களில் ஒரு மைனி, எங்கள் தெருவிலேயே இருக்கிறார், இப்போது ஆச்சியாகிவிட்டார். இன்றும் எழுத்து தெரியாது. கைபேசியில் முகப்படத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்; மகள் படத்தை மாற்றிவிட்டால் மட்டும் தடுமாறிப்போய் எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புறவாசல் படியில் உட்கார்ந்து, ஒலிவாங்கிக் குறியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயை மறைத்தபடி, ராதாபுரம் பக்கம் வாக்கப்பட்ட தங்கைக்குக் குரல் பதிவு அனுப்புகிறார். பதில் வந்ததும் காதோடு ஒட்டவைத்துக் கேட்கிறார். நடுவே எவரும் இல்லை. ஒரு காலத்தில் அவருக்காக எழுதிக்கொடுத்த என் கையும் இல்லை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

களக்காட்டு அம்மா, உறவு செத்துவிட்டது என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்காததற்கு இந்தப் புறவாசல் படியே முதல் காரணம். அக்காளும் தங்கையும் பேசிக்கொள்வதற்கு ஆண்களின் தயவு தேவைப்பட்ட காலத்தை உறவு செழித்திருந்த காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருநைக்கரை, 10 ஆகஸ்ட் 2025, இரவு

ஆனாலும் அந்த ஆச்சி, தங்கையின் மாமனார் இறந்தபோது நேரில்தான் போனார். குரல் பதிவு அனுப்பினால் போதாதா என்று பேரன் கேட்டதற்கு, “அவ கையப் பிடிச்சு அழுவாண்டாமா?” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பொருநைக்கரை, 14 ஆகஸ்ட் 2025

காலை வணக்கப் படங்களைப் பற்றி ஒருவர் கடிந்து எழுதியிருக்கிறார். பூவும் சூரியனும் தெய்வமும் போட்டு வருகிற அந்தப் படங்களால் நினைவகம் நிரம்பிவிடுகிறது என்பது மெய்தான். எங்கள் ஊரில் தனியே இருக்கும் வயதானவர்கள் பலர் விடிந்ததும் பிள்ளைகளுக்கு அதைத்தான் அனுப்புகிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மகள், அம்மாவின் படம் காலை ஏழு மணிக்குள் வராவிட்டால் எனக்கு அழைப்பார். நான் போய்க் கதவைத் தட்டுவேன். பெரும்பாலும் சார்ஜ் இல்லாமல் போயிருக்கும். ஒருமுறை மட்டும் அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். படம் வரவில்லை என்பதைக் கவனிக்க மகள் இருந்ததாலும், கதவைத் தட்டப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததாலும் பிழைத்தார்.

பொருநைக்கரை, 17 ஆகஸ்ட் 2025

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் எங்கள் ஊரிலும் பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு திண்ணையில் ஐந்தாறு பெண்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். முன்பு நடுவில் ஒரு ரேடியோ இருக்கும். திருநெல்வேலி வானொலியோ இலங்கை வானொலியோ, எது வந்தாலும் எல்லோருக்கும் ஒரே பாட்டு, ஒரே செய்தி. ஊர்ச் சங்கதியெல்லாம் அந்தத் திண்ணையில்தான் கூடும். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்தத் துஷ்டிக்கு யார் யார் சேர்ந்து வண்டி பிடிக்கலாம் என்பதெல்லாம் அங்கே முடிவாகும்.

இப்போது அதே திண்ணையில், அதே பெண்கள், ஆளுக்கொரு கைபேசியைத் தூள் டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். மற்றொரு காதைத் திறந்து வைத்திருப்பது பீடிக்கடைக்காரர் கூப்பிடுவது கேட்கத்தான் என்று நினைத்தேன். விசாரித்தபோது ஒரு பெண், “இவளுவ பேசுதது கேக்காண்டாமா?” என்றார். பேச்சு குறைந்திருக்கிறது, ஆனால் பேச்சுக்கென்று ஒரு காதை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். 6-ஆம் தேதி நான் எழுதிய ‘நீங்க எப்ப போறீய?’ என்ற கேள்வி எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் இந்தத் திண்ணைதான். ஆண்கள் கூடும் டீக்கடையில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது; அங்கே எல்லோரும் குனிந்த தலையோடு இருக்கிறார்கள்.

பொருநைக்கரை, 21 ஆகஸ்ட் 2025

2023 டிசம்பர் வெள்ளத்தில் கைபேசி இல்லாமல் தவித்ததை எழுதச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் எவரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் முதலில் மின்சாரம் போயிற்று, பிறகு சிக்னல் போயிற்று. சிக்னல் போவதற்குச் சற்று முன்பு, பாபநாசம் அணை 150 அடியைத் தாண்டிவிட்டது, உடையப்போகிறது என்று ஒரு குரல் பதிவு எங்கள் குழுவுக்கு வந்தது. பாபநாசம் அணையின் முழு உயரமே 143 அடி. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது தெரிந்திருந்தும், இருட்டில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதை மறுத்து எழுதவும் சிக்னல் இல்லை. வீடு வீடாகப் போய், 143 அடிதான் அணை என்று வாயால் சொல்லித்தான் மக்களைத் திரும்ப உள்ளே அனுப்பினோம். செய்தியை ஒரு நேரத்தில் எத்தனை பேருக்கு முன்னனுப்பலாம் என்பதற்கு வாட்ஸ்அப் இந்தியாவில் 2018-லேயே ஐந்து என்ற வரம்பு வைத்துவிட்டது. பலமுறை சுற்றிய செய்திக்கு 2020-இல் ஒன்று என்றே குறைத்தது. பயந்த மனிதர்கள் அந்த ஒன்றையும் ஆயிரம் பேர் இருக்கும் குழுவுக்கு அனுப்பினால் வரம்பு என்ன செய்யும்?

அந்த நாட்களிலேயே அடுத்த தெருவில் ஒரு முதியவர் இறந்தார். இடுப்பளவு தண்ணீரில் இளைஞர்கள் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். சொல்ல முடிந்த இடத்திலிருந்து அத்தனை பேரும் வந்தார்கள், பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் உட்பட. இதை எழுதும்போதே மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும்: சென்னையில் இருந்த அவருடைய மகனுக்கு, எல்லாம் முடிந்து தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரிந்தது. அவன் வந்து வெறும் கட்டிலைப் பார்த்து நின்றதை நினைத்தால், கைபேசி இல்லாக் காலமே பொற்காலம் என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

பொருநைக்கரை, 27 ஆகஸ்ட் 2025

சுருளைப் பற்றி. மற்ற மாவட்டத்தவர் மொய் என்பார்கள். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாண அழைப்பிதழிலேயே கியூஆர் கோடு அச்சடித்தது செய்தியாயிற்று. இன்று நம் பக்கத்து மண்டபங்களிலும் சுருள் எழுதுகிறவரின் மேசையில் அந்த அட்டை இருக்கிறது. வெளியூரில் இருப்பவர் பணம் அனுப்புவது நல்லதே. கல்யாண வீட்டாருக்கு உதவியாகிறது. ஆனால் உள்ளூரில் இருந்துகொண்டே வீட்டிலிருந்து அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்கு வராமல் இருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். சுருள் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் எழுதுவது, பிற்பாடு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக. பணத்தைப் பணமாகவே திருப்பி அனுப்பிவிட்டால் இரு வீட்டாரும் ஒருவர் இலையில் மற்றவர் உட்காராமலே கணக்கு நேராகிவிடும். ‘நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்’ என்று அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள், நேரில் வந்ததாக ஏற்றுக்கொள்ளச் சொல்லிச் சுருளை அனுப்புகிறவர்களைக் குறைசொல்ல முடியாது.

பொருநைக்கரை, 2 செப்டம்பர் 2025

கைபேசியிலேயே உயிர்வாழ்வுச் சான்று கொடுப்பதைப் பற்றி ஓய்வூதியர் ஒருவர் கேட்டதற்குப் பதில். மத்திய அரசு ஓய்வூதியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று முறை வந்து விரல்ரேகை வைத்தால் போதும் என்றாயிற்று. 2021 நவம்பர் முதல் கைபேசியில் முகத்தைக் காட்டிக் கண்சிமிட்டினாலே போதும். படுக்கையில் கிடப்பவர்களுக்கும், ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தவர்களுக்கும் இது பெரிய வரம். ரேகை தேய்ந்துபோன என் நண்பர் ஒருவர் இதனால் பட்ட நிம்மதியை நான் அறிவேன்.

ஆனால் அந்த நவம்பர் வரிசையில்தான் நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரையொருவர் பார்த்தோம். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் உடன் வேலை பார்த்தவர்கள் வந்து நிற்பார்கள். யார் வரவில்லை என்பது கண்ணில் படும். விசாரிப்போம், படுக்கையில் என்றால் நாலு பேர் சேர்ந்து போய்ப் பார்ப்போம், இல்லை என்றால் அன்றைக்கே துஷ்டி கேட்கப் போய்விடுவோம். இப்போது எல்லோரும் அவரவர் வீட்டில் கண்சிமிட்டிவிட்டு முடித்துவிடுகிறோம். வரிசை இல்லாவிட்டாலும், நவம்பர் முதல் ஞாயிறன்று சேரன்மகாதேவியில் எங்காவது கூடலாம் என்று சிலரிடம் பேசியிருக்கிறேன்.

பொருநைக்கரை, 9 செப்டம்பர் 2025

எழுதலாமா கூடாதா என்று தயங்கி, எழுதியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் குழு என்றால் பாதிக்குப் பாதி சாதிக் குழுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அதன் அறிக்கையும் வந்தது. அந்தக் கொடுமையின் வேர் கைபேசியைவிடப் பல நூறு ஆண்டு மூத்தது. கருவியின் மேல் பழியைப் போட்டு மனிதர்கள் தப்பிக்கக் கூடாது.

நான் பார்ப்பது வேறொன்று. முன்பு டீக்கடையில் ஒருவன் அடுத்த தெருவைப் பற்றி இழிவாகப் பேச வாயெடுத்தால், அந்தத் தெருக்காரர் யாராவது பக்கத்து பெஞ்சில் இருப்பார் என்ற அச்சமாவது இருந்தது. மூத்தவர் ஒருவர் “ஏலே, வாய மூடு” என்பார். தங்களவர் மட்டுமே இருக்கும் குழுவில் அடக்குவதற்கு ஆள் இல்லை. பதினாறு வயதுப் பையன் அரிவாள் படத்தோடு ஸ்டேட்டஸ் வைக்கிறான். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று எண்ணுகிறான். அதற்குள் யாரோ படம்பிடித்து அடுத்த தெருக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். குழுவில் இருக்கும் பெரியவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அந்தப் பையனின் வீட்டுக்குப் போய், தகப்பனை அழைத்து உட்காரவைத்துப் பேசுவது யாருடைய கடமை என்பதும், துஷ்டி சொல்லும் கடமையைப் போலவே குழுவுக்குள் கரைந்துபோயிற்று. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் கேட்டார்கள். மற்றொரு வீட்டில் கேட்கவில்லை. மறுபடியும் போவேன்.

பொருநைக்கரை, 9 செப்டம்பர் 2025, இரவு

கோயில் கொடை விழாவை நேரலையில் காட்டலாமா என்ற கேள்விக்கு ஒரே வரி: காட்டுங்கள், வில்லுப்பாட்டை மும்பையிலிருந்து கேட்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல், ஆனால் வரி கேட்க மட்டும் வீடு வீடாகவே போங்கள், ஏனென்றால் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பது அந்த ஒரு நாள்தான்.

களக்காட்டு வாசகி, 13 செப்டம்பர் 2025

எல்லாவற்றையும் படித்தேன். செத்துவிட்டது என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் நாளைக்கே எங்கள் தெருவில் ஒரு துஷ்டி விழுந்தால், அழுதுகொண்டிருக்கும் வீட்டார் உட்கார்ந்து இருநூறு பேருக்கு அழைத்துக்கொண்டிருக்க முடியுமா? உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை, 14 செப்டம்பர் 2025

வீட்டார் அழைக்க வேண்டியதில்லை. முன்பும் வீட்டாரா சைக்கிளில் போனார்கள்? பங்காளிகளும் பக்கத்து வீட்டாரும்தான் போனார்கள். எங்கள் தெருவில் சென்ற பொங்கலுக்குப் பிறகு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், யார் யாருக்குப் பேசித்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னோம். பிறந்த வீடு, தாய்மாமன் வீடு, சம்பந்தி வீடு, நடக்க முடியாத பெரியவர்கள், கோபத்தில் இருப்பவர்கள். கோபத்தில் இருப்பவர்களைத் தனியாக எழுதச் சொன்னது எங்கள் தெருப் பெண்கள். அவர்களுக்கு அழைத்துச் சொன்னால் போதாது, ஆள்தான் போக வேண்டும் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் இருபது, இருபத்தைந்து பெயருக்கு மேல் வரவில்லை. துஷ்டி என்றால் தெருவில் நான்கு பேர் நோட்டை வாங்கி, பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டு அழைத்துவிடுவார்கள். பேசி முடிக்க ஒரு மணி நேரம் போதும். அதுவரைக்கும் குழுவில் யாரும் படம் போடுவதில்லை. இளைஞர்களை இதற்கு இணங்கவைப்பது கடினமாக இருக்கும் என்று பயந்தேன். உண்மையில் அடங்காதவர்கள் என் வயதுக்காரர்கள் சிலர்தான், முதலில் போட்டவர் என்ற பெயருக்காக.

அதன்பிறகு குழுவில் போடுகிறோம். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற அலங்காரத்தைக் குறைத்து, வர விரும்புகிறவருக்குத் தேவையானதை எழுதுகிறோம்: இறந்தவர் இன்னாருடைய தகப்பனார், வீடு இந்தத் தெரு, எடுக்கும் நேரம் மாலை நான்கு மணி, நெல்லை புதிய பேருந்து நிலையத்திலிருந்து வருகிறவர்கள் பாபநாசம் பஸ்ஸில் ஏறிப் பத்தமடையில் இறங்கவும், அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ ஏற்பாடு செய்திருக்கிறோம், பேச வேண்டிய எண் இது. அந்த எண் துஷ்டி வீட்டாருடையதாக இருக்கக் கூடாது. சென்ற மாதம் ஒரு சாவுக்கு இப்படிப் போட்டபோது, கைகூப்பும் பொம்மைகளுக்கு நடுவே, “கார்ல ரெண்டு சீட் இருக்கு, வள்ளியூர்ல இருந்து வாரவங்க கூப்பிடுங்க” என்று ஒருவர் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு ஏர்வாடியிலிருந்து இன்னொருவரும் எழுதினார். உங்கள் ஊர்ப் பஸ் விவரத்தை மாற்றி எழுதிக்கொண்டு இதையே வைத்துக்கொள்ளலாம். களக்காட்டுக்கு நாங்குநேரி வழியாக வருகிறவர்களுக்கும் சேரன்மகாதேவி வழியாக வருகிறவர்களுக்கும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.